சிவப்புக் குறி போட்ட படலை

மகனே, நேற்று உன் அம்மா தேங்காய் துருவிக்கொண்டே எல்லாம் தெரிந்துகொண்டே என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "நம்மட சம்பந்தி வீடு எப்பிடி இரிக்கும்? ஓட்டு வீடா, மாடி வீடா?" எந்த ஊரில் எந்த வீட்டுக்குக் கூரை மிஞ்சியது, எதற்கு மிஞ்சவில்லை என்று ஆயுளில் பாதிக்கு மேல் பத்திரிகைக்கு எழுதியவன் நான். ஆனால் அந்த வீட்டை நான் பார்க்கவில்லை. உலகத்தின் அந்தக் கரைவரைக்கும் போய், வாசல் படலைக் கதவடியில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தவன்.

அவள் துருவலை நிறுத்திவிட்டாள். நீ போன கிழமை தொலைபேசியில் பேசியதை அப்போதுதான் சொன்னாள். "அப்பாக்கு விருப்பமில்லாட்டி வராம இரிக்கட்டும். கட்டாயப்படுத்தாதீங்கம்மா. எனக்குக் கோபமில்ல" என்று சொன்னாயாம். கோபமில்லை என்று நீ சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. கோபம் இருக்கிறவன் இன்னும் எதையோ எதிர்பார்க்கிறான். ஆனியில், பெண் வீட்டில் உன் கல்யாணம். அதற்கு முன் நான் வாயைத் திறக்காவிட்டால், நீ என்னைப் பற்றி முடிவு செய்ததுதான் உண்மையாகிவிடும். தொலைபேசியில் நீயும் நானும் மழையைப் பற்றிப் பேசுவோம், வாவியில் தண்ணீர் ஏறிவிட்டதா என்று நீ கேட்பாய், அங்கே குளிரா என்று நான் கேட்பேன், பிறகு அம்மாவிடம் கொடுப்பேன். எனக்குத் தெரிந்தது எழுதுவது மட்டும். அதனால் நீ ஒவ்வொரு ஞாயிறும் திறந்து பார்க்கிற இந்தப் பத்திரிகைப் பக்கத்திலேயே எழுதுகிறேன். ஊரும் வாசிக்கட்டும். பிள்ளைகளிடம் காரணம் சொல்லாமலே காலம் தள்ளிவிட்ட தகப்பன்மார் இங்கே என்னைத் தவிரவும் இருக்கிறார்கள்.

நீ இருக்கிற பிரான்சுக்கு நான் வந்தபோது, என்னை மோர்வான் மலைகளுக்குக் கூட்டிப் போனாய். மலை என்று நீ சொன்னபோது எனக்கு நுவரெலியா ஞாபகம் வந்தது. அது அப்படியில்லை. ஒரு பெரிய பச்சைத் துணியை உதறிப் போட்டது போல, ஏறி, தாழ்ந்து, மறுபடி ஏறுகிற நிலம். பள்ளத்தில் ஓர் ஓடை, ஓடைக்குப் பக்கத்தில் கல்லால் கட்டிய நாலைந்து வீடுகள், மேட்டில் கஷ்கொட்டை மரங்கள், அவற்றுக்கு இடையில் வெள்ளை வெளேரென்ற மாடுகள். காலையில் பள்ளங்களில் பனிப்புகார் நிற்கும்போது, நம்முடைய வாவிதான் எனக்கு நினைவு வந்தது. மேடுகள் அதில் தீவுகளாகத் தெரிந்தன. இதை அப்போதே உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நல்லதைக்கூட உடனே சொல்லாத பழக்கம் எனக்கு.

மற்றவர்களுடைய காணிக்குள்ளால், மாட்டுப் பட்டிக்கு நடுவால், யாரையும் கேட்காமல் போகிற பாதைகள் அவை. எனக்கு அது பிடிபடவில்லை. முதல் நாள் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று தலையைக் காட்டிவிட்டுத்தான் நகர்ந்தேன். நீ சிரித்தாய். "அப்பா, இஞ்ச ஒவ்வொரு வீட்டயும் நிண்டு பேட்டி எடுக்க ஏலாது. சுறுக்கா நடங்க." பழைய சோதனைச் சாவடிப் பழக்கத்தில், சட்டைப் பையில் அடையாள அட்டையை வைத்துத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நடந்ததையும் நீ கண்டுபிடித்துவிட்டாய். "ஆருக்குக் காட்டப் போறீங்க? மாட்டுக்கா?" என்று கேட்டாய். கூட நடந்து வந்த கிளேருக்கு, நீ கட்டப்போகிறவளுக்கு, அதை மொழிபெயர்த்துச் சொன்னாய். நீ சமைக்கிற பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற பிள்ளை அவள். வகுப்பில் வாய் பொத்திச் சிரித்துப் பழகியவள் போலச் சிரித்தாள். மறுகா, அடுத்த மாட்டுக்குப் பக்கத்தில் போய் நின்று, தன் பையிலிருந்து ஏதோ ஒரு அட்டையை எடுத்து அதற்கு நீட்டினாள். நானும் சிரித்தேன். அந்தப் பிள்ளையை எனக்குப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான். அதையும் நான் உன்னிடம் சொல்லவில்லை.

அன்று மத்தியானம், பாணைப் பிய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கிளேர் உன்னிடம் சின்ன வயதில் எங்கே நடந்து திரிந்தாய் என்று கேட்டாள். நீ என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுச் சொன்னாய்: "நடக்கவா? இவர் எங்க நடக்க விட்ட! தார் றோட்ட விட்டு இறங்கினா அடி. ஒரு விளாம்பழத்துக்காக என்ட கன்னத்தப் பழுக்க வெச்ச மனுசன் இவர்." அதைப் பகிடியாகத்தான் சொன்னாய். அவளும் பகிடியாகத்தான் எடுத்தாள். நானும் கூடச் சேர்ந்து தலையாட்டிவிட்டு அடுத்த பாண் துண்டை எடுத்தேன். அந்தக் கதையின் மிச்சத்தைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது.

இப்போது சொல்கிறேன். உனக்கு ஒன்பது வயது. சண்டை ஓய்ந்து, ஆட்களைத் திரும்பவும் வாவிக்கு அக்கரையில் இருக்கிற படுவான்கரைக்குக் குடியேற விட்டிருந்த காலம். உன் அம்மாவுடைய சீதன வயலைப் பார்க்க, வாவியைக் கடந்து உன்னையும் கூட்டிப் போனேன். அந்த வயல் வட்டையின் ஒரு பக்கம் மட்டும் மிதிவெடி எடுத்து முடித்திருந்தார்கள். வெடி எடுக்கிறவர்கள் கம்பு நட்டிருப்பார்கள், உனக்கு ஞாபகமிருக்கலாம். வெள்ளைத் தலைக் கம்பு நிற்கிற பக்கம் நடக்கலாம். சிவப்புத் தலைக் கம்புக்கு அங்கால் கால் வைக்கக்கூடாது. செய்தி எடுக்கப் போய் வந்து எனக்கு அது பாடம். உனக்கும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன். "நான் கால் வெச்ச இடத்தில நீ கால் வை மனே. வேற எங்கயும் வைக்காத." நீயும் ஒரு விளையாட்டைப் போல, என் தடத்தில் துள்ளித் துள்ளி வந்தாய். வரம்பு கிறுகித் திரும்புகிற இடத்தில் ஒரு விளாமரம். அடியில் முழங்கால் உயரப் புல்; புல்லுக்குள் பழங்கள் விழுந்து கிடந்தன. நான் வயலைப் பார்த்துக்கொள்கிற முல்லைக்காரரோடு பேசத் திரும்பிய நேரம், நீ சிவப்புக் கம்பைத் தாண்டிப் புல்லுக்குள் நின்றாய். கையில் ஒரு பழம். என்னைப் பார்த்துச் சிரித்தாய்.

ஓடி வந்து உன்னைத் தூக்கினேனா, நீயே வந்தாயா, எனக்குத் தெரியாது. நடந்ததை நடந்தபடி எழுதுவதுதான் என் தொழில். அந்த ஒரு துண்டு மட்டும் என்னிடம் இல்லை. மறுபடி வரம்பில் நிற்கும்போது உன்னை அறைந்தேன். நீ அழவில்லை, பழத்தைக் கீழே போட்டுவிட்டாய். அதற்குப் பிறகு ஒரு மாதம் இருக்கும், வெடி எடுக்கிற பொடியன் ஒருவனைச் சந்தைப் பக்கம் கண்டேன். "அண்ணன், அந்த விளாமரத்தடியில இருந்து ரெண்டு எடுத்தம்" என்றான். தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவன், கோப்பையை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். நீ முற்றத்தில் பந்து அடித்துக்கொண்டிருந்தாய். உன்னிடம் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. பிள்ளை பயப்படாமல் தூங்கட்டும் என்று நினைத்தேன். அந்தப் பயத்தை உனக்குக் கொடுக்காமல் நானே வைத்துக்கொண்டேன் என்று பெருமைகூட இருந்தது. கன்னத்து அறையை மட்டும் உனக்குக் கொடுத்துவிட்டு, காரணத்தை என்னிடம் வைத்துக்கொண்டேன் என்பது இத்தனை வருடத்துக்குப் பிறகுதான் விளங்குகிறது. பத்தொன்பது வயதில் நீ விமானம் ஏறும்வரை உன்னை நான் மண்ணில் இறங்க விடவில்லை. ஊரெல்லாம் சுத்தமாகி, அங்கே நெல் விளைந்து, மாடு மேய்ந்தபிறகும் விடவில்லை.

இனி மோர்வானுக்கு வருகிறேன். அந்தப் பாதைகளில் மரத்திலும் கல்லிலும் வேலிக் கட்டையிலும் சிவப்பும் வெள்ளையுமாக வர்ணம் அடித்திருந்தார்கள். இதுதான் வழி என்று காட்டுகிற குறி, இதைப் பார்த்துக்கொண்டு நடந்தால் பிரான்சு முழுவதையும் நடந்து முடிக்கலாம் என்று நீ சந்தோசமாகச் சொன்னாய். நானும் ஓம் என்றேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் சிவப்பைக் கண்டதும் கால் வைக்கிற இடத்தைக் குனிந்து பார்த்தேன். நான் பாதையின் நடுவை விட்டு விலகவில்லை. சிறுநீர் கழிக்கக்கூடப் புல்லுக்குள் இறங்காமல், வீடு கண்ட இடம்வரைக்கும் அடக்கிக்கொண்டு நடந்தேன். இந்த வயதில் எனக்குச் சீனி வருத்தம், நீரிழிவு, இருக்குமோ என்று நீ கவனித்துக்கொண்டிருந்தாய். நான் அடிக்கடி சிறுநீர் கழிக்கப் போகாததால் அது இல்லை என்று முடிவெடுத்திருப்பாய். இதெல்லாம் இப்போது சிரிப்பாக இருக்கிறது. சொல்லியிருந்தால் அப்போதே சிரித்திருக்கலாம்.

கடைசி நாள், மேட்டின் மேல் அந்தப் படலைக்கு வந்தோம். படலைத் தூணில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு பெருக்கல் குறி. அதுவரைக்கும் கோடுதான் இருந்தது. குறுக்கே வெட்டிய குறியை அன்றுதான் கண்டேன். படலைக்கு அங்கால் முழங்கால் உயரப் புல். நடந்த தடம் ஒன்றும் இல்லை. புல் ஏறிப்போய் ஒரு மேட்டில் முடிகிறது, மேட்டின் உச்சியில் ஓர் அப்பிள் மரத்தின் தலை மட்டும் தெரிகிறது. நீ கயிற்றை அவிழ்த்துப் படலையைத் திறந்துகொண்டு உள்ளே போனாய். புல்லுக்குள் நின்று திரும்பி, என்னைப் பார்த்துச் சிரித்தாய்.

மகனே, எனக்கு அந்த நேரம் உன்னுடைய வயது தெரியவில்லை.

"வெளியால வா!" என்று நான் கத்தியது எனக்கே வேறு யாரோ கத்தியது போல இருந்தது. நீ திகைத்துப்போய், "அது பாதை இதால போகல்ல எண்டு காட்டத்தான் போட்டிருக்கு அப்பா. நமக்கில்ல. வாங்க" என்றாய். "நான் வரல்ல" என்றேன். கிளேர் படலைக்குள் போய் நின்று, உன்னிடம் கற்றுக்கொண்ட தமிழில், ஒவ்வொரு சொல்லாகக் கோத்து, "மாமா, வாங்க. சாப்பாடு" என்றாள். நான் அவளைப் பார்க்கவில்லை. அவள் காலுக்குக் கீழே இருந்த புல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

அப்போதுதான் மேட்டுக்கு மேலால் ஒரு மனிதர் இறங்கி வந்தார். நரைத்த மீசை, நீலக் காற்சட்டை, கையில் எனாமல் கூஜா. அவர் புல்லுக்குள்ளால் சாதாரணமாக நடந்து வருவதைப் பார்த்தும் என் கால் அசையவில்லை. படலைக்கு அங்கால் நின்று ஏதோ சொன்னார். நீ அதை எனக்கு மொழிபெயர்க்கவில்லை. அவர் கூஜாவைக் காட்டினார். தண்ணீர். வெயிலில் நடந்து வந்தவனுக்குக் குடிக்கக் கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். படலைக்கு மேலால் கையை நீட்டி வாங்கி, அண்ணாந்து குடித்தேன். மீதியைத் திருப்பிக் கொடுத்து, எனக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சுச் சொல்லில் நன்றி சொன்னேன். அவர் கூஜாவுக்குள் பார்த்தார். உன்னைப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு, வந்த வழியே மேடேறிப் போனார்.

அவர் கிளேரின் அப்பா என்பதைக் கீழே தார் றோட்டுக்கு வந்தபிறகுதான் சொன்னாய். மரத்துக்குக் கீழே மேசை போட்டு, அவளுடைய அம்மா சமைத்து வைத்துக் காத்திருந்தாள் என்றாய். "அவங்கட வீட்டுப் படலையால திரும்பிட்டீங்க அப்பா." நான் றோட்டைப் பார்த்து நடந்தேன். "அவளப் பிடிக்கல்லயா?" "அப்பிடியில்ல." "வெள்ளக்காரி எண்டா?" "இல்ல மனே." "மறுகா என்ன?" "கால் நோகுது" என்றேன். அன்று பின்னேரமே, பேருந்து நிற்கிற இடத்துக்குப் போகிற ஏற்றத்தை உனக்கு முன்னால் ஏறி முடித்தவன் நான். நீ பின்னால் வந்து பார்த்துக்கொண்டிருந்தாய். பொய் சொல்கிறவன் அதற்கேற்ப நொண்டவாவது தெரிந்திருக்கவேண்டும்.

அடுத்தவர்கள் பயந்ததை எழுதியே பெயர் வாங்கியவன் நான். நானும் பயந்தவன் என்று உன்னிடமும் அந்தப் பிள்ளையிடமும் சொல்ல வெட்கமாக இருந்தது. நீ என்னைப் பயந்தவன் என்று நினைப்பதைவிட, கர்வம் பிடித்தவன் என்று நினைப்பது பரவாயில்லை என்று அந்த ஏற்றத்தில் தீர்மானித்தேன். என் வாழ்க்கையில் நான் எடுத்த தீர்மானங்களில் இதைவிட மோசமான ஒன்று எனக்கு ஞாபகம் வரவில்லை. நீ குடும்பம் நடத்தப் போகிறவன், அதனால் இந்த ஒன்றை மட்டும் தகப்பனாகச் சொல்கிறேன்: பயம் வந்தால் பயம் என்றே சொல். அதற்குக் கால் வலி என்றும் களைப்பு என்றும் வேறு பெயர் வைத்தால், பக்கத்தில் இருக்கிறவர்கள் தங்களைத்தான் வெறுக்கிறாய் என்று எடுத்துக்கொள்வார்கள். அவர்களில் பிழையில்லை. அவர்களுக்கு வேறு என்ன தெரியும்?

நீ அம்மாவிடம் சொன்ன கூஜாவின் கதையை அவள் நேற்றுத்தான் எனக்குச் சொன்னாள். அது குடிக்கிற தண்ணீர் இல்லையாம். நம்முடைய பக்கத்தில் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறவன். தகப்பன் மகனைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பெண் வீட்டுப் படலையில் விடவேண்டும், பெண் வீட்டார் காலுக்குத் தண்ணீர் வார்த்து உள்ளே எடுப்பார்கள் என்று நீ கிளேருக்குச் சொல்லியிருக்கிறாய். அவள் தன் தகப்பனுக்குச் சொல்லியிருக்கிறாள். மாடு வளர்க்கிற அந்த மனிதர், தனக்கு ஒரு சம்பந்தமும் இல்லாத ஓர் ஊரின் வழக்கத்தை மதித்து, எங்கள் காலுக்கு வார்க்கத் தண்ணீர் கொண்டு இறங்கி வந்திருக்கிறார். நான் அதைக் குடித்துவிட்டு வந்திருக்கிறேன். "சிரிக்கிறதா அழுகிறதா எண்டு எனக்குத் தெரியல்ல" என்றாள் அம்மா. பிறகு இரண்டையும் செய்தாள். விளாமரத்தடியில் இரண்டு எடுத்ததையும் நேற்றுத்தான் அவளுக்குச் சொன்னேன். "இத வெச்சுக்கிட்டா இவ்வளவு காலமும் இருந்த நீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

என் தகப்பனார் என்னை உன் அம்மாவின் வீட்டுப் படலையில் கொண்டுபோய் விட்டதை நான் மறக்கவில்லை. உன் மாமன் அப்போது சின்னப் பொடியன், காலில் தண்ணீரை வார்க்கிறேன் என்று வேட்டியெல்லாம் நனைத்துவிட்டான். அந்த நனைந்த வேட்டியோடுதான் எனக்கு ஒரு வீடு கிடைத்தது. அதை உனக்குச் செய்து தரவேண்டியது என் கடமை. நீ அதைத் திட்டமிட்டு எனக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தாய். நான் வெளியே நின்றுகொண்டேன்.

இன்று காலை வாவியைக் கடந்து அந்த வட்டைக்குப் போனேன். கம்புகள் பிடுங்கி எவ்வளவோ காலமாகிவிட்டது. விளாமரம் நிற்கிறது, அடியில் மாடுகள் படுத்திருக்கின்றன, பிள்ளைகள் பழம் பொறுக்குகிறார்கள். வரம்பிலிருந்து இறங்கி மரம்வரைக்கும் நடந்தேன் என்று உனக்கு எழுத ஆசையாக இருக்கிறது. பாதித் தூரம்தான் போனேன். ஒரு மாடு என்னை நிமிர்ந்து பார்த்தது. கிளேர் இருந்திருந்தால் அட்டையை எடுத்து நீட்டியிருப்பாள் என்று நினைத்தேன். பிறகு திரும்பி வந்துவிட்டேன். நாளைக்கும் போவேன். ஆனிக்கு இன்னும் நாள் இருக்கிறது.

இதைக் கிளேருக்கு மொழிபெயர்த்துச் சொல். அவள் தன் தகப்பனுக்கும் தாய்க்கும் சொல்லட்டும். உண்மை தெரிந்தால், அந்த நல்ல மனிதர் இயந்திரத்தை எடுத்துக்கொண்டு வந்து, எனக்காகப் படலையிலிருந்து மரம்வரைக்கும் புல்லை வெட்டி ஒரு பாதை போட்டுவிடுவார் என்று நினைக்கிறேன். வேண்டாம் என்று சொல். அது மாட்டுக்குரிய புல். கல்யாணத்தன்று புல் நிற்கிறபடி நிற்கட்டும். நான் சப்பாத்தைப் படலைக்கு வெளியே கழற்றிவிட்டு வருவேன். கூட்டிக்கொண்டு போகவேண்டியவன் நான்தான். ஆனாலும் இந்த ஒருமுறை நீ முன்னால் நட. நீ கால் வைத்த இடத்தில் நான் கால் வைக்கிறேன்.

கூஜாவில் தண்ணீர் எடுத்து வைக்கச் சொல். இந்தமுறை நான் அதைக் குடிக்கமாட்டேன்.